எட்டு ஒழுங்கை

சாமத்திய வீட்டு வீடியோ எடிட் பண்ணிப் பார்த்த ஆக்களுக்குத் தெரியும், அது சினிமாப் படத்தை விட நீளம். தண்ணீர் வார்க்கிறதில் இருந்து கடைசிப் பந்தியில் சாப்பிட்டுப் போகிற ஆள் வரைக்கும் எல்லாரும் வர வேண்டும். ஒரு மாமியின் முகம் விடுபட்டாலும் ஸ்ரூடியோக்காரருக்குப் போன் வரும். அவர் எனக்கு எடுப்பார். கம்பஸில் இரண்டாம் வருசத்தில் இருந்து நான் இந்த வேலை செய்கிறேன். பஸ் காசு, போட்டோக்கொப்பி, போன் றீலோட் எல்லாம் அதில்தான்.

என்னுடைய கொம்பியூட்டர் பெரியம்மாவின் மகன் வெளிநாடு போகேக்க விட்டுவிட்டுப் போனது. தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை. ப்ரோசசருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ்தான். இரவு பத்து மணிக்கு றெண்டர் போட்டுவிட்டுப் படுத்தால் விடிய மூன்று மணி போல முடியும். இடையில் கறண்ட் போனால் முதலில் இருந்து. கலியாணச் சீசனில் இரண்டு வீடியோ சேர்ந்து வந்தால் நித்திரை இல்லை. ஆகவே ஒரு கார்ட் வாங்குவது என்று காசு சேர்க்கத் தொடங்கினேன்.

புதுசு வாங்குகிற கதையே இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ஐத் தாண்டியபோது கடையில் இருந்த விலைகள் எங்கட கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டன. ஆனால் அதே வருசம் இன்னொரு விசயமும் நடந்தது. செப்டெம்பர் 15ஆம் திகதி எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் கிராபிக்ஸ் கார்ட் வைத்து 'மைனிங்' பண்ணுகிற முறையையே கைவிட்டது. உலகம் முழுக்க மைனிங் பண்ணிக்கொண்டிருந்த கார்ட்கள் பழைய சாமானாகச் சந்தைக்கு வந்தன. அதில் ஒன்றுதான் ஆர்எக்ஸ் 580. 2017இல் வந்த கார்ட், 8 ஜிபி மெமரி. எடிட்டிங்குக்கு இன்றைக்கும் காணும்.

எங்கட கம்பஸ் கொம்பியூட்டர் குறூப் ஒன்றில் ஒரு சீனியர் அண்ணா விற்கப் போட்டிருந்தார். விஞ்ஞானபீடம். வெளிநாடு போகப் போகிறார், மேசை, கதிரை, கார்ட் எல்லாம் விலைக்கு. 38,000 ரூபா. அவருடைய வீட்டு வாசலில் நின்றுதான் வாங்கினேன். பெட்டியைத் தரும்போது கேட்டார்:

"உங்கட ப்ரோசசர் என்ன தங்கச்சி?"

"ரைசன்" என்றேன்.

"ரைசன் எண்டா எது?"

உண்மையைச் சொன்னால், எது என்று எனக்குத் தெரியாது. பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரில் ரைசன் என்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கலைப்பீடம், அதிலும் பெட்டை, கொம்பியூட்டர் வாங்க வந்திருக்கிறாள். இதுக்கு மேல தெரியாது என்றும் சொன்னால் என்ன நினைப்பார்? "நல்ல ரைசன்தான் அண்ணா" என்றேன். அவர் ஒருக்காச் சிரித்தார். "சரி, பவர் சப்ளை 500 வாற்ஸ் இருந்தாக் காணும்" என்று சொல்லிப் பெட்டியைத் தந்தார்.

வீட்டுக்கு வந்து, யூரியூப் பார்த்துப் பார்த்து, கார்டைப் பூட்டினேன். திரை வந்தது. ட்ரைவர் போட்டேன். பிறகு ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை இறக்கினேன். கார்ட் ஒரிஜினல்தானா என்று பார்க்க எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே 2,048 ஷேடர் மட்டும் உள்ள இன்னொரு வகையும் சீனச் சந்தைக்கு வந்தது. முழு 580இல் 2,304 இருக்க வேண்டும். என்னுடையதில் 2,304. நிம்மதி. அதுக்குக் கொஞ்சம் கீழே இப்படி ஒரு வரி:

பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 3.0 @ எக்ஸ்4 1.1

இந்த வரியை வாசிக்கத் தெரிந்தால் மிச்சக் கதை விளங்கும். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் டேட்டா போய் வருகிற வழிகளை 'லேன்' என்பார்கள். எங்கட பாசையில் ஒழுங்கை என்றே வைத்துக்கொள்ளுவோம். எக்ஸ்16 என்றால் பதினாறு ஒழுங்கை. 3.0 என்பது அந்த ஒழுங்கையில் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்ற தலைமுறை இலக்கம். 1.1 இல் ஒரு ஒழுங்கையால் செக்கனுக்கு 250 மெகாபைட் போகும். 2.0 இல் 500. 3.0 இல் ஏறத்தாழ 985. '@' குறிக்கு இடப்பக்கம் இருப்பது அந்தக் கார்டால் முடிந்தது. வலப்பக்கம் இருப்பது இந்த நிமிசம் நடப்பது.

கணக்குப் போட்டேன். 16 ஒழுங்கை, 3.0 வேகம் என்றால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 15.8 ஜிகாபைட். எனக்குக் காட்டுவது 4 ஒழுங்கை, 1.1 வேகம்: 1 ஜிகாபைட். கிட்டத்தட்டப் பதினாறில் ஒரு பங்குதான். 38,000 ரூபா.

இரவு பதினொரு மணி. அண்ணாவிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். நான் அந்தத் திரையைப் படம் எடுத்துக் குறூப்பில் போட்டேன். "மைனிங் பண்ணிப் பழுதாப் போன கார்டை ஒண்டும் தெரியாது எண்டு நினைச்சு என்ர தலையில கட்டியிருக்கினம். ஆரும் இவரிட்ட சாமான் வாங்காதேங்கோ." குறூப்பில் இருநூறு பேருக்கு மேல. கவலை முகம் ஐந்தாறு வந்தது. "நானும் கதிரை வாங்க இருந்தனான், நல்ல காலம்" என்று ஒரு ஆள். கொஞ்ச நேரத்தால் அவரிடம் இருந்து ஒரே ஒரு வரி, தனிப்பட:

"தங்கச்சி, ஒருக்கா லோட் குடுத்துப் பாத்தனீங்களோ?"

சாட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். பதில் போடவில்லை.

அடுத்த நாள் ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. படத்தைப் பார்த்தார். "கார்ட் சரிவராது. வேற ஒண்டு எடுங்கோ. வீட்டில ஆம்பிளையள் ஆரும் இருந்தா அனுப்புங்கோ, விளங்கப்படுத்திவிடுறன்." கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கோபத்தில்தான் நானே பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ஏலாது என்றால் ஏலாது என்று எனக்காவது தெரியட்டும்.

முதலில் அண்ணா சொன்னதைச் செய்தேன். ஜிபியு-இசட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கு. அதை அமத்தினால் கார்டுக்கு ஒரு சின்ன வேலை குடுக்கும். அமத்தினேன். இரண்டு செக்கனில் 1.1 என்று இருந்தது 3.0 ஆக மாறியது. நிப்பாட்டினேன், திரும்பவும் 1.1. வேலை இல்லாதபோது கறண்டை மிச்சம் பிடிக்க கார்ட் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அது பழுது இல்லை, ஆறியிருக்கிறது. ஆக, என்னுடைய குற்றச்சாட்டில் அரைவாசி, ஒரு பட்டனை அமத்த முதலே குறூப்பில் போட்டது.

ஆனால் எக்ஸ்4 மாறவில்லை. அது ஆறியிருக்கிறது இல்லை. இன்னும் எனக்கு அரைவாசி நியாயம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது, இடம். மதர்போர்டில் நீளமான இடங்கள் இரண்டு இருக்கு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ரோச் அடித்து உள்ளே பார்த்தால் கீழே உள்ளதில் தகடுகள் தொடக்கத்தில் மட்டும்தான். நீளம் பதினாறுக்கு, உள்ளே நாலுக்குத்தான். கன பேர் கார்டை அதில் பூட்டிவிட்டு வேகம் இல்லை என்று தேடுவார்களாம். நான் மேல் இடத்தில்தான் பூட்டியிருந்தேன். பயோஸில் போய்ப் பார்த்தேன், அந்த இடத்தின் வேகம் 'ஓட்டோ' என்று இருந்தது. அதுவும் சரி.

மூன்றாவது, கார்டையே வேறு இடத்தில் போட்டுப் பார்ப்பது. என்னுடைய பட்ச்மேற் ஒருத்தியின் அண்ணாவிடம் நல்ல கொம்பியூட்டர் ஒன்று இருந்தது, கொக்குவிலில். கார்டைத் துவாயில் சுற்றி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போனேன். (துவாயில் சுற்றக் கூடாது, நிலைமின் வரும், வந்த உறையிலேயே வைக்க வேண்டும். அதையும் அன்றைக்குத்தான் படித்தேன்.) அவர் பூட்டினார். லோட் குடுத்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

எக்ஸ்16 3.0 @ எக்ஸ்16 3.0.

"கார்ட் வடிவா இருக்கே, என்ன பிரச்சினை?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழி முழுக்க அந்தக் குறூப் மெசேஜ்தான் தலைக்குள் ஓடியது. அழிப்போமா என்று பார்த்தேன். அழிக்கிற நேரம் கடந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியை மேசையில் படுக்கப் போட்டுத் திறந்தேன். இந்தக் கொம்பியூட்டரின் பின்பக்கத்தில், கார்ட் வருகிற இடத்துக்கு நேரே, மூடுகிற சின்னத் தகடு ஒன்று இல்லை. நான் வாங்க முதலே இல்லை. நாலு வருசமாக அந்த ஓட்டை திறந்தே கிடந்தது. ரோச்சைச் சாய்த்துப் பிடித்து இடத்துக்குள் பார்த்தேன். தூசி. நடுப்பகுதியில், தகடுகளுக்கு மேலே, காய்ந்து போன பல்லி எச்சம்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

போன் திருத்துகிற கடையில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் கொஞ்சம் வாங்கினேன். பிளக்கைக் கழற்றிவிட்டு, மெல்லிய பிரஷால் தூசியை வெளியே எடுத்து, பிறகு அல்ககோலில் நனைத்த பிரஷால் மெதுவாக. தகடுகள் வளையக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு. அரை மணித்தியாலம் காய விட்டேன். கார்டைத் திரும்பப் பூட்டினேன், இந்த முறை கொழுக்கி 'டிக்' என்று சத்தம் போடும் வரைக்கும் அமத்தி.

எக்ஸ்16 3.0 @ எக்ஸ்8 3.0.

நாலு எட்டாகிவிட்டது. பதினாறு ஆகவில்லை. இன்னும் இரண்டு தரம் துப்புரவாக்கினேன். எட்டு. பயோஸ் அப்டேட் பண்ணினேன், கறண்ட் போகக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டு. எட்டு.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது கலைப்பீடம்தான். எங்களுக்கு நாலு வருசமாகச் சொல்லித் தருவது ஒன்றுதான்: அடிக்குறிப்பை வாசி. அலுமாரிக்கு மேலே மதர்போர்டின் பெட்டி கிடந்தது. அதற்குள் கையேடு. விபரப் பக்கத்தில் மேல் இடத்தைப் பற்றி, சின்ன எழுத்தில் இரண்டு வரி. சாதாரண ரைசன் ப்ரோசசர் என்றால் எக்ஸ்16. உள்ளேயே வேகா கிராபிக்ஸ் உள்ள ரைசன் என்றால் எக்ஸ்8.

என்னுடைய ப்ரோசசரின் முழுப் பெயரை அன்றைக்குத்தான் முதல் முதல் பார்த்தேன். ரைசன் 3 2200ஜி. 2018இல் வந்தது. உள்ளே வேகா கிராபிக்ஸ் உள்ள வகை. அந்த ப்ரோசசர், வெளியில் பூட்டுகிற கார்டுக்கு எட்டு ஒழுங்கைதான் விடும். எத்தனை தரம் துப்புரவாக்கினாலும் இல்லாத ஒழுங்கை திறக்காது. பல்லி அடைத்தது அந்த எட்டில் நாலை.

"ரைசன் எண்டா எது?" அவர் வாசலில் நின்று கேட்டது இதைத்தான். நான் தெரியாது என்று சொல்லியிருந்தால், "ஜி எண்டு முடியுதோ பாருங்கோ, அப்பிடியெண்டா சிலதில எட்டுத்தான் காட்டும்" என்று அவரே சொல்லியிருப்பார்.

இனிமேல்தான் வெட்கமான பகுதி. ஒரு வீடியோவை எடுத்து நேரம் பார்த்தேன். கார்ட் இல்லாமல் ஐந்து மணித்தியாலம் ஓடிய வேலை, எட்டு ஒழுங்கையில் ஒரு மணித்தியாலம் இருபது நிமிசம். நல்லது. எக்ஸ்4 ஆக இருந்த முதல் நாள் இரவு போட்ட றெண்டர் எவ்வளவு ஓடியது என்று தேடிப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் இருபத்தைந்து. ஐந்து நிமிசம்.

பிறகு யோசித்தால் அதுவும் விளங்குது. 1080 அளவில் ஒரு பிரேம், பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால், கிட்டத்தட்ட 8.3 மெகாபைட். செக்கனுக்கு 25 பிரேம் என்றால் 207 மெகாபைட். நாலு ஒழுங்கை 3.0 வேகத்தில் 3,900 மெகாபைட்டுக்கு மேல் விடும். என்னுடைய மாமிமார் எல்லாரும் வரிசையாக நடந்து போக அதுவே தாராளம். புதிய கேம் விளையாடுகிற ஆக்களுக்கு, மெமரி குறைந்த கார்ட் வைத்திருக்கிற ஆக்களுக்கு இந்த ஒழுங்கைக் கணக்கு உண்மையிலேயே முக்கியம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டுக்கு இருப்பதே நாலு ஒழுங்கைதான். அதைப் பழைய 3.0 போர்டில் போட்டால் நல்லாவே அடிபடும். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாம் பிறப்பிலேயே எட்டு. அதனால் சண்டைக்குப் போக முதல், உங்கட கார்ட் எத்தனைக்குச் செய்தது என்று பாருங்கோ. எனக்கு அன்றிரவே வேலை மூன்றரை மணித்தியாலம் முன்னதாக முடிந்திருந்தது. அதை நான் பார்க்கவில்லை. இலக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு மனிசனைக் கள்ளன் என்றேன்.

ஏன் ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை என்று எனக்கு நீண்ட நாள் கேள்வியாக இருந்தது. அதையும் தேடி வாசித்தேன். கொம்பியூட்டரை ஒன் பண்ணிய உடனே, திரை வர முதலே, கார்டும் போர்டும் தங்களுக்குள் ஒரு பேச்சு நடத்துகின்றன. எந்தத் தலைமுறைக் கார்ட் என்றாலும் பேச்சு ஆகக் குறைந்த வேகத்தில்தான் தொடங்கும். எந்தெந்த ஒழுங்கையில் மற்றப் பக்கத்தின் சத்தம் கேட்குது என்று இரண்டும் பார்க்கும். என்னால் இவ்வளவு ஏலும் என்று இரண்டும் சொல்லும். இரண்டுக்கும் பொதுவாக எது ஏலுமோ அதில் ஒத்துப்போகும். பிறகுதான் வேகத்தைக் கூட்டும். எட்டில் நாலு அடைபட்டிருந்தால் நாலோடு வேலை தொடங்கும். அதுக்கு அது தோல்வி இல்லை, உடன்பாடு. அதனால்தான் மணியும் அடிக்காது, சிவப்பு எழுத்தும் வராது.

இதை வாசித்த இரவு எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது. அவர் தன்னுடைய பக்கத்தைச் சொன்னார். என்னுடைய பக்கத்தையும் கேட்டார், இரண்டு தரம். நான்தான் இல்லாத வேகத்தைச் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்பதைத் தனிப்பட அனுப்பிவிட்டால் எனக்குச் சுகம். ஆனால் கள்ளன் என்றது குறூப்பில். ஆகவே குறூப்பில்தான் எழுதினேன். மூன்று படம் போட்டேன்: கொக்குவிலில் எடுத்த எக்ஸ்16, கையேட்டின் அந்த இரண்டு வரி, பல்லி எச்சம். "கார்டில ஒரு பிழையும் இல்ல. என்ர ப்ரோசசருக்கு எட்டுத்தான். அதிலயும் நாலை நான்தான் ஊத்தையா வச்சிருந்தனான். அண்ணா கேட்டதுக்கு நான் ஒழுங்காப் பதில் சொல்லேல்ல. அவரைப் பற்றிப் போட்டது பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ." முதல் மெசேஜுக்கு வந்த அளவுக்கு இதுக்கு ஆக்கள் வரவில்லை. பல்லிக்கு மட்டும் சிரித்தார்கள். கதிரை வாங்க இருந்த ஆள் வாங்கினாரோ தெரியாது.

அண்ணா அடுத்த நாள் எழுதினார். "பரவாயில்ல தங்கச்சி. ஆனா நான் லோட் குடுத்துப் பாக்கச் சொன்னனான்." அதற்குக் கீழே, "அந்தப் பின்பக்க ஓட்டையை மூடுங்கோ." ஒரு கிழமையில் அவர் போய்விட்டார். ஓட்டையை ஒரு பழைய தகடு வெட்டி மூடியிருக்கிறேன்.

போன மாதம் முதலாம் வருசப் பிள்ளை ஒருத்தி அதே குறூப்பில் ஒரு படம் போட்டிருந்தாள். வேறு கார்ட், வரி மட்டும் எனக்கு நல்லாத் தெரிந்த வரி. "ஏமாத்திட்டினமோ?" என்று கேட்டிருந்தாள். மற்றவர்கள் வர முதல் நான் தனிப்பட எழுதினேன்.

"லோட் குடுத்துப் பாத்தனீங்களோ? ப்ரோசசர் என்ன?"

"ரைசன் அக்கா."

"ரைசன் எண்டா எது?"

"அது தெரியாது அக்கா. எங்க பாக்கிறது?"

அவளுக்கு அது ஒரு செக்கனில் வந்தது.